வேளை தவறாத மருந்து



எழுத்துக் கற்றவர்கள் முதலில் எதை வாசித்தார்கள்? சிலர் பஸ்ஸின் பெயர்ப்பலகையை வாசித்தார்கள். சிலர் ரேஷன் கார்டில் தங்கள் பெயரைத் தேடி வாசித்தார்கள். சிலர் வெளியூரிலிருந்து மகன் எழுதிய கடிதத்தை வாசித்தார்கள். இன்று வேறொன்றை வாசிப்பது பற்றிப் பேசுவோம். அதுதான் மாத்திரை அட்டை. அதோடு மருத்துவர் எழுதித் தரும் மருந்துச் சீட்டு. இவற்றைச் சரியாக வாசித்தால் ஓர் உயிருக்கு நிம்மதி. தவறாக வாசித்தால் ஓர் உயிருக்கு ஆபத்து.

மருந்து எழுதுவது மருத்துவர் வேலை. மருந்து விற்பது மருந்துக் கடைக்காரர் வேலை. ஆனால், மருந்தை எடுத்து, நோயாளியின் கையில் கொடுத்து, விழுங்க வைப்பது யார் வேலை? நாள்பட்ட நோயாளி படுத்திருக்கும் வீட்டில் அது பெரும்பாலும் ஒரு பெண்ணின் வேலை. அவர் மனைவியாக இருக்கலாம். மகளாகவோ மருமகளாகவோ இருக்கலாம். சம்பளத்துக்கு வந்தவராகவும் இருக்கலாம். "காலையில இது, ராத்திரி அது" என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் போய்விடுகிறார்கள். அந்த வேலைக்கு அவருக்கு யாரும் பயிற்சி தருவதில்லை.

ஆனால் அதற்குப் பயிற்சி உண்டு. அமெரிக்காவில் பல மாநிலங்களில் முதியோர் இல்லங்களில் மருந்து உதவியாளர் என்று ஒருவர் இருக்கிறார். அவர் நர்ஸ் அல்ல. தனியாகப் பயிற்சி பெற்றவர். தேர்வு எழுதித் தேறியவர். நர்ஸின் மேற்பார்வையில் மருந்து கொடுப்பது அவர் வேலை. நம் நாட்டில் அதே பெயரில் வேலை இல்லை. ஆனால் அதற்கு நெருங்கிய வேலை கேரளத்தில் உண்டு. திருவனந்தபுரத்தில் அதற்குப் பயிற்சியும் தருகிறார்கள்.

முதியோர் மிகுந்த மாநிலம்

கேரளத்தில் மக்கள் நெடுநாள் வாழ்கிறார்கள். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள். நாடு முழுவதும் 100 பேரில் 8 அல்லது 9 பேர் 60 வயது கடந்தவர்கள். கேரளத்தில் 100 பேரில் 12 அல்லது 13 பேர் அப்படி. பிள்ளைகள் பலர் வளைகுடா நாடுகளுக்குப் போய்விட்டார்கள். பெங்களூருக்கும் சென்னைக்கும் போனவர்களும் உண்டு. பெரிய வீட்டில் வயதான இருவர் மட்டும் இருக்கிறார்கள். ஒருவருக்குச் சர்க்கரை. மற்றவருக்குப் பிரஷர். ஒருவர் பக்கவாதத்தில் படுத்துவிட்டால் மற்றவரால் சமாளிக்க முடிவதில்லை.

அதனால் திருவனந்தபுரம் நகரில் "ஹோம் நர்ஸ்" என்ற பெயரில் வேலை செய்யும் பெண்கள் பலர் உண்டு. பெயரில் நர்ஸ் உண்டு. ஆனால் பலருக்கு நர்ஸ் படிப்பு இல்லை. வீடு கூட்டுவது, குளிப்பாட்டுவது, கஞ்சி ஊட்டுவது என்று வேலைக்குச் சேர்வார்கள். இரண்டாம் நாளே மருந்துப் பெட்டியும் அவர்கள் கைக்கு வந்துவிடும். பெட்டிக்குள் எட்டு அட்டை இருக்கும். எல்லாவற்றிலும் ஆங்கில எழுத்து. என்ன செய்வார்? அட்டையின் நிறத்தைப் பார்த்துக் கொடுப்பார். மறுமாதம் கடைக்காரர் வேறு கம்பெனி மருந்து தருவார். நிறம் மாறிவிடும். அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது.

கோழிக்கோட்டில் தொடங்கிய வழி

1991 ஏப்ரல் 18 அன்று கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவிக்கப்பட்டது. கோழிக்கோட்டில் நடந்த விழாவில் அதை அறிவித்தவர் சேலக்கோடன் ஆயிஷா. மலப்புறத்துப் பெண். முதிய வயதில் எழுத்துக் கற்றவர்.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1993-ல் அதே கோழிக்கோட்டில் மருத்துவக் கல்லூரியை ஒட்டி இன்னொரு நல்ல காரியம் தொடங்கியது. மயக்க மருந்துத் துறை மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் நண்பர்களோடு சேர்ந்து வலி தணிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். புற்றுநோய் முற்றியவர்களை "இனி செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவது அந்நாளில் வழக்கம். "நோயைக் குணப்படுத்த முடியாமல் போகலாம். வலியைக் குறைக்க முடியுமே" என்பதுதான் அவர்கள் வழி. இதற்கு வலி தணிப்பு மருத்துவம் என்று பெயர். கேரளத்தில் சாதாரண மக்களும் இதைப் "பாலியேட்டிவ்" என்றே சொல்கிறார்கள்.

விரைவில் ஓர் உண்மை விளங்கியது. நோயாளி ஆஸ்பத்திரியில் இருப்பது சில நாள். வீட்டில் இருப்பது பல மாதம். மருத்துவரால் எல்லா வீட்டுக்கும் போக முடியாது. எனவே ஊர் மக்களே பயிற்சி பெற வேண்டும். 1990-களின் கடைசியில் மலப்புறம் மாவட்டத்தில் அண்டை அயலார் சேர்ந்து நோயாளிகளைக் கவனிக்கும் அமைப்பு உருவானது. ஆசிரியர், கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், வீட்டுப் பெண்கள் என்று பலரும் சேர்ந்தார்கள். தொண்டர்களுக்குச் சில நாள் வகுப்பு நடந்தது. பிறகு அனுபவமுள்ளவர்களோடு வீடு வீடாகப் போய்ப் பழகினார்கள்.

2008-ல் கேரள அரசு வலி தணிப்புக்கென்று ஒரு கொள்கை வெளியிட்டது. இந்தியாவில் ஒரு மாநில அரசு இப்படிக் கொள்கை வகுத்தது அதுவே முதல் முறை. பின்பு உள்ளாட்சிகள் தோறும் இந்தப் பணி பரவியது. இன்று கேரளத்துக் கிராமப் பஞ்சாயத்துகளில் பாலியேட்டிவ் நர்ஸ் ஒருவர் வீடுகளுக்குப் போய்வருகிறார். ஆஷா பணியாளரும் வார்டு உறுப்பினரும் உடன் செல்வது உண்டு.

திருவனந்தபுரத்தில்

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. 1981-ல் தொடங்கியது. சுருக்கமாக ஆர்.சி.சி. என்பார்கள். கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டத்து மக்களும் சிகிச்சைக்கு இங்கே வருகிறார்கள். நாகர்கோவில் ரயிலில் மருந்துப் பையும் பெரிய எக்ஸ்ரே உறையுமாக வருபவர்களைப் பலரும் பார்த்திருப்பார்கள்.

2003-ல் மருத்துவர் ராஜகோபாலும் நண்பர்களும் திருவனந்தபுரத்தில் "பாலியம் இந்தியா" என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதன் பயிற்சிப் பிரிவு திருவனந்தபுரம் வலி தணிப்பு அறிவியல் நிறுவனம். மருத்துவர்கள், நர்சுகள், தொண்டர்கள் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். வேறு மாநிலங்களிலிருந்தும் வருகிறார்கள். 2012-ல் உலக சுகாதார நிறுவனம் இதைத் தன்னோடு இணைந்து பணியாற்றும் மையமாக ஏற்றது. 2018-ல் ராஜகோபாலுக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது.

வலி மருந்தும் சட்டமும்

கடும் வலிக்கு நல்ல மருந்து மார்ஃபின். இது அபினியிலிருந்து கிடைக்கிறது. அபினிச் செடி நம் நாட்டிலேயே விளைகிறது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு அனுமதியோடு பயிரிடுகிறார்கள். நம் நாட்டு அபினி வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்கும் போகிறது.

ஆனால் நம் நோயாளிக்கு அது கிடைக்கவில்லை. ஏன்? 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. போதைப்பொருளைத் தடுப்பது நல்ல நோக்கம்தான். ஆனால் மருந்துக்கும் கடும் விதிகள் வந்துவிட்டன. ஒரு ஆஸ்பத்திரி மார்ஃபின் வாங்கப் பல உரிமங்கள் வேண்டும். ஒன்று கிடைப்பதற்குள் இன்னொன்று காலாவதி ஆகும். சிறு தவறுக்கும் சிறைத் தண்டனை. பயந்துபோன ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் வாங்குவதையே நிறுத்திவிட்டன. 1985-ல் நாடு முழுவதும் 500 கிலோவுக்கு மேல் மார்ஃபின் மருந்தாகப் பயன்பட்டது. 1997-ல் அது 20 கிலோவுக்கும் கீழே போய்விட்டது. இலட்சக்கணக்கானோர் வலியிலேயே இறந்தார்கள்.

மருத்துவர்களும் சட்டம் அறிந்தவர்களும் பல ஆண்டுகள் போராடினார்கள். 2014-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. அத்தியாவசியமான வலி மருந்துகளுக்கு ஒரே உரிமம் போதும் என்றானது. கேரளம் அதற்கு முன்பே விதிகளை எளிதாக்கியிருந்தது.

இதை ஏன் இங்கே சொல்ல வேண்டும்? பெரும் போராட்டத்துக்குப் பிறகு கிடைத்த மருந்து இது. அதை வீட்டில் கொடுப்பவர் தவறாகக் கொடுத்தால் மறுபடியும் பயம் வரும். ஒழுங்காகக் கொடுத்தால் நம்பிக்கை வளரும். ஆகவே கொடுப்பவரின் பயிற்சி ஒரு வீட்டுக் காரியம் மட்டும் அல்ல.

மூன்று மாதப் பயிற்சி

கேரளத்தில் சமூகப் பாலியேட்டிவ் துணை நர்ஸ் பயிற்சி மூன்று மாதம் நடக்கிறது. முழு நர்ஸ் படிப்பு முடித்தவர்களுக்கு ஒன்றரை மாதப் பயிற்சி உண்டு. வகுப்பறைப் பாடம் கொஞ்சம். ஆஸ்பத்திரி வார்டிலும் வீடுகளிலும் கற்பது மிகுதி. புண்ணுக்குக் கட்டுப்போடுவது, படுக்கைப் புண் வராமல் திருப்பிப் படுக்கவைப்பது, சிறுநீர்க் குழாயைக் கவனிப்பது, மருந்து கொடுப்பது எல்லாம் சொல்லித் தருகிறார்கள். நோயாளியோடு எப்படிப் பேசுவது, அவர் பேசும்போது எப்படிக் கேட்பது என்பதும் பாடமாக உண்டு.

இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பஞ்சாயத்து வேலைக்கு ஆள் எடுக்கும்போது துணைச் செவிலியர் படிப்பும் இந்தப் பயிற்சியும் சேர்த்துக் கேட்பது வழக்கம். ஆகவே சேருவதற்கு முன்பு என்ன தகுதி வேண்டும், சான்றிதழ் யார் தருகிறார்கள் என்று கேட்டறிய வேண்டும். "பத்து நாளில் நர்ஸ் ஆகலாம்" என்று பணம் கேட்பவர்களை நம்பக்கூடாது.

வேலைக்குப் போக விரும்பாதவர்கள் தொண்டர் பயிற்சி பெறலாம். வீட்டில் நோயாளி உள்ளவர்கள் பாலியேட்டிவ் நர்ஸ் வரும்போது கேட்டுக் கற்கலாம். வீட்டாருக்குக் கற்றுத் தருவது அந்த நர்ஸின் வேலைகளில் ஒன்று.

சீட்டை வாசிப்பது எப்படி?

மருந்துச் சீட்டில் 1-0-1 என்று எழுதியிருப்பார்கள். முதல் எண் காலை. நடு எண் மதியம். கடைசி எண் இரவு. 1-0-1 என்றால் காலையில் ஒன்று, மதியம் இல்லை, இரவில் ஒன்று. 0-0-1 என்றால் இரவில் மட்டும் ஒன்று. அரை மாத்திரை என்றால் ½ என்று இருக்கும்.

சில மருத்துவர்கள் ஆங்கில எழுத்தில் சுருக்கி எழுதுவார்கள். ஓ.டி. என்றால் நாளைக்கு ஒரு வேளை. பி.டி. என்றால் இரண்டு வேளை. டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை. எச்.எஸ். என்றால் படுக்கப் போகும்போது. எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். இந்த ஐந்தையும் கற்றுக்கொண்டால் பாதிச் சீட்டை வாசித்துவிடலாம்.

மில்லிகிராம் என்பது மருந்தின் எடை. மில்லிலிட்டர் என்பது திரவத்தின் அளவு. இரண்டும் ஒன்றல்ல. சிரப் கொடுக்கும்போது பாட்டிலோடு வரும் மூடியால் அளக்க வேண்டும். சமையலறைக் கரண்டியால் அளக்கக்கூடாது. கரண்டிகள் ஒரே அளவில் இருப்பதில்லை.

புள்ளியைக் கவனிக்க வேண்டும். 2.5 என்பதைப் புள்ளி தெரியாமல் 25 என்று வாசித்தால் மருந்து பத்து மடங்கு ஆகிவிடும். சந்தேகம் வந்தால் ஊகம் செய்யக்கூடாது. கடைக்காரரிடமோ நர்ஸிடமோ கேட்க வேண்டும். கேட்பது வெட்கம் அல்ல.

ஆங்கிலம் வாசிக்க வராதவர்கள் என்ன செய்வது? கடைக்காரரிடம் ஒவ்வொரு அட்டையின் மேலும் தமிழிலோ மலையாளத்திலோ எழுதித் தரச் சொல்லலாம். "பிரஷர். காலை 1. சாப்பிட்ட பிறகு" என்று எழுதினால் போதும். காலை மருந்தை ஒரு பையிலும், மதிய மருந்தை ஒரு பையிலும், இரவு மருந்தை ஒரு பையிலும் வைக்கலாம். பையின் மேல் உதய சூரியன், உச்சி சூரியன், நிலா என்று படம் வரையலாம். அட்டையை வெட்டும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கத்தைக் கடைசி வரை வைத்திருக்க வேண்டும்.

கொடுக்கும் முன் ஆறு கேள்விகள்

பயிற்சி பெற்ற எல்லா நர்சுகளும் மனப்பாடமாக வைத்திருக்கும் கேள்விகள் இவை.

1. சரியான ஆளா?
2. சரியான மருந்தா?
3. சரியான அளவா?
4. சரியான நேரமா?
5. சரியான வழியா? வாய் வழியா, ஊசியா, மேலே பூசுவதா?
6. கொடுத்ததைச் சரியாக எழுதியாயிற்றா?

அட்டையை மூன்று முறை வாசிக்க வேண்டும். பெட்டியிலிருந்து எடுக்கும்போது ஒரு முறை. மாத்திரையைப் பிரிக்கும்போது ஒரு முறை. அட்டையைத் திரும்ப வைக்கும்போது ஒரு முறை. இதற்கு அரை நிமிடம் கூட ஆகாது.

வேறொருவர் பிரித்து வைத்த மாத்திரையைக் கொடுக்கக்கூடாது. அது என்ன மாத்திரை என்று கொடுப்பவருக்குத் தெரியாது. இருட்டில் தடவி எடுத்துக் கொடுக்கக்கூடாது. விளக்கைப் போட்டுப் பார்த்தே கொடுக்க வேண்டும்.

கவனம் தேவைப்படும் மருந்துகள்

பாராசிட்டமால் எல்லா வீட்டிலும் இருக்கும். பெரியவர்களுக்குக் கூட 500 மில்லிகிராம் மாத்திரை 24 மணி நேரத்தில் 8-க்கு மேல் போகக்கூடாது. மெலிந்த முதியோருக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. எவ்வளவு என்று மருத்துவர் சொல்ல வேண்டும். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அளவு கூடிவிடும்.

சர்க்கரை மருந்து கொடுக்கும் முன்பு "சாப்பிட்டாரா?" என்று பார்க்க வேண்டும். சாப்பிடாதவருக்கு வழக்கமான அளவைக் கொடுத்தால் இரத்தச் சர்க்கரை மிகவும் தாழ்ந்துபோகலாம். வியர்க்கும், கை நடுங்கும், நினைவு தப்பும். சாப்பிட மறுத்தால் உடனே நர்ஸைக் கேட்க வேண்டும்.

இன்சுலின் ஊசியில் இரண்டு வகை உண்டு. சிவப்பு மூடி போட்ட ஊசி 40 யூனிட் மருந்துக்கு உரியது. ஆரஞ்சு மூடி போட்ட ஊசி 100 யூனிட் மருந்துக்கு உரியது. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும். ஆகவே பயிற்சி பெறாதவர் இன்சுலின் ஊசி போடக்கூடாது.

மூட்டு வாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் என்றொரு மாத்திரை உண்டு. அதை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டு இறந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. அந்த அட்டையின் மேல் கிழமையின் பெயரைப் பெரிதாக எழுதி வைக்க வேண்டும்.

சில மாத்திரைகள் வயிற்றில் மெல்லக் கரையும்படி செய்யப்பட்டவை. அவற்றைப் பொடித்துக் கொடுத்தால் மருந்து முழுதும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். பொடிக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் பொடிக்க வேண்டும்.

மார்ஃபின் கொடுப்பவருக்கு

சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேகம் சுமார் 4 மணி நேரம் இருக்கும். ஆகவே காலை 6, காலை 10, பகல் 2, மாலை 6, இரவு 10 என்று கொடுப்பது வழக்கம். இரவில் எழுப்பாமல் இருக்கப் படுக்கும்போது இரட்டை அளவு தரச் சொல்வதும் உண்டு. அதை மருத்துவர்தான் முடிவு செய்வார்.

"இப்போது வலி இல்லையே, பிறகு கொடுக்கலாம்" என்று நினைக்கக்கூடாது. மருந்து இருப்பதால்தான் வலி இல்லை. வலி வந்த பிறகு மருந்து தேடுவது, வீடு தீப்பிடித்த பிறகு கிணறு வெட்டுவது போன்றது.

இந்த மருந்தால் மலச்சிக்கல் வரும். ஏறக்குறைய எல்லாருக்கும் வரும். அதனால் மலம் இளக ஒரு மருந்தும் சேர்த்து எழுதுவார்கள். அதைக் கொடுக்க மறக்கக்கூடாது. முதல் சில நாள் குமட்டலும் தூக்கமும் இருக்கலாம். ஆனால் எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு மிகவும் மெதுவாகிவிட்டது என்றால் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்கக்கூடாது. உடனே மருத்துவரையோ நர்ஸையோ அழைக்க வேண்டும்.

"இது போதை மருந்து. அப்பாவைக் கெடுத்துவிடும்" என்று உறவினர் சொல்வார்கள். கடும் வலிக்காக, மருத்துவர் சொன்ன அளவில் சாப்பிடுபவர் அதற்கு அடிமையாவது அரிது. "இது சாகும்போது கொடுக்கும் மருந்து" என்றும் சொல்வார்கள். அதுவும் சரியல்ல. வலி குறைந்ததும் எழுந்து உட்கார்ந்து பேரனோடு பேசுபவர்கள் பலர். ஆனால் திடீரென்று நிறுத்தக்கூடாது. குறைக்க வேண்டும் என்றால் மருத்துவர் சொன்னபடி மெல்லக் குறைக்க வேண்டும்.

மார்ஃபினைப் பூட்டி வைக்க வேண்டும். தினமும் எண்ணிப் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு வலி என்றாலும் ஒன்று கூடக் கொடுக்கக்கூடாது. நோயாளி இறந்துவிட்டால் மீதியை வாங்கிய மையத்திலேயே திருப்பித் தர வேண்டும்.

"எனக்கு வேண்டாம்"

மருந்து கொடுக்கும்போது நோயாளியை உட்கார வைக்க வேண்டும். படுத்த நிலையில் கொடுத்தால் புரையேறும். முதலில் ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதை விழுங்க முடிந்தால் மாத்திரை கொடுக்கலாம். முடியாவிட்டால் வற்புறுத்தக்கூடாது. நர்ஸிடம் சொன்னால் வேறு வழி காட்டுவார்.

சிலர் "எனக்கு வேண்டாம்" என்று வாயை மூடிக்கொள்வார்கள். கோபப்படுவதால் பயன் இல்லை. ஏன் வேண்டாம் என்று கேட்க வேண்டும். வாய் புண்ணாக இருக்கலாம். மாத்திரை கசக்கலாம். வாழ்ந்தது போதும் என்று மனம் சலித்திருக்கலாம். மறதி நோய் உள்ளவர் கொடுப்பவரையே அடையாளம் தெரியாமல் பயப்படலாம். கால் மணி நேரம் கழித்து மறுபடி போய்ப் பார்க்கலாம். சோற்றில் ஒளித்துக் கொடுப்பதை மருத்துவரைக் கேட்காமல் செய்யக்கூடாது. மருந்து அவர் உடம்புக்குள் போகிறது. என்ன என்று தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு.

நோட்டுப் புத்தகம்

ஒரு நோட்டில் கோடு போட்டுத் தேதி, நேரம், மருந்து, அளவு, கொடுத்தவர் பெயர் என்று ஐந்து கட்டம் வரைய வேண்டும். கொடுத்த பிறகே எழுத வேண்டும். முன்கூட்டியே எழுதி வைத்தால், கொடுக்க மறந்தாலும் கொடுத்தது போலத் தெரியும். எழுதாமல் விட்டால், மாலையில் வரும் மருமகள் மறுபடியும் கொடுத்துவிடுவார். வாந்தி எடுத்தாரா, தூங்கினாரா, வலி எப்படி இருந்தது என்பதையும் ஒரு வரி எழுதலாம். மருத்துவருக்கு அந்த ஒரு வரி மிகவும் உதவும்.

கையெழுத்து அழகாக இருக்க வேண்டும் என்பதில்லை. எழுத்துப் பிழை இருந்தாலும் பரவாயில்லை. எண் மட்டும் தெளிவாக இருக்க வேண்டும்.

தவறு நேர்ந்தால்

பயிற்சி பெற்ற நர்சுக்கும் சில சமயம் தவறு நேரும். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளையில் இரண்டாகக் கொடுக்கக்கூடாது. வேறு மாத்திரை கொடுத்துவிட்டால் உடனே நர்ஸிடமோ மருத்துவரிடமோ சொல்ல வேண்டும். எந்த மருந்து, எத்தனை, எத்தனை மணிக்கு என்று சொல்ல வேண்டும். சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண் வேலை போய்விடும் என்று பயந்து மறைப்பது உண்டு. மறைத்தால் காப்பாற்றும் நேரம் போய்விடும். வீட்டுக்காரர்களும் ஒன்றை உணர வேண்டும். உண்மையைச் சொன்னவரைத் திட்டி விரட்டினால், அடுத்து வருபவர் உண்மையைச் சொல்லவே மாட்டார்.

எதைச் செய்யக்கூடாது?

மருந்து கொடுப்பவர் அளவை மாற்றக்கூடாது. புது மருந்து சேர்க்கக்கூடாது. பழைய சீட்டை வைத்துத் தானே மருந்து வாங்கக்கூடாது. பழகாத ஊசியைப் போடக்கூடாது. "தெரியாது" என்று சொல்லும் தைரியம் வேண்டும்.

அதே சமயம் கேட்கும் தைரியமும் வேண்டும். மருந்துக்குப் பொறுப்பேற்கும் பெண் கூலி குறைவாக வாங்கக் காரணம் இல்லை. "என்ன வேலை, எத்தனை மணி நேரம், இரவில் தூங்க இடம் உண்டா, மருந்தைப் பற்றி யாரைக் கேட்பது?" என்று சேரும் நாளிலேயே கேட்டுவிட வேண்டும். மருத்துவரின் தொலைபேசி எண்ணையும் நர்ஸின் எண்ணையும் சுவரில் எழுதி ஒட்டச் சொல்ல வேண்டும். பொறுப்பைக் கொடுப்பவர் வழியையும் காட்ட வேண்டும் அல்லவா?

நண்பர்களே! இன்று வீட்டுக்குப் போனதும் மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஒவ்வோர் அட்டையிலும் காலாவதித் தேதியை வாசியுங்கள். தேதி கடந்ததைத் தனியே எடுத்து வையுங்கள். எதற்கு என்று தெரியாத அட்டைகளை நாளை மருந்துக் கடைக்கு எடுத்துச் சென்று கேளுங்கள்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் வீட்டில் முதியவர்களுக்கு மருந்து கொடுப்பவர் யார்? அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?
2. சீட்டில் 1-1-½ என்று இருந்தால் எந்த வேளைக்கு எவ்வளவு?
3. மார்ஃபினைப் பற்றி உங்கள் ஊரில் என்ன சொல்கிறார்கள்? அதில் எது சரி, எது தவறு?
4. உங்கள் ஊரில் படுக்கையில் கிடக்கும் நோயாளிகள் எத்தனை பேர்? அவர்களுக்கு ஊரார் என்ன செய்ய முடியும்?